கதவு சார் பூட்டி வைத்த குரல்

என் அக்காவின் வீட்டுக்காரரை அவர் வேலை பார்த்த குளிர்பதனக் கிடங்கில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கதவு சார்' என்றால்தான் தெரியும். பன்னிரண்டு குளிர் அறைகள். உள்ளே உருளைக்கிழங்கு, ஆப்பிள், வெண்ணெய், விதை மூட்டைகள். முப்பத்தோரு வருஷம் அவர் அங்கே கத்தியதெல்லாம் ஒரே சொல்தான்: கதவு. மூட்டை எடுக்க ஆட்கள் உள்ளே போனால் வெளியே நின்று வாய்விட்டு எண்ணுவார். நாற்பதுக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் ஆள் உள்ளே இருக்கும்போதே சாத்திவிட்டு, "உள்ளேருந்து மணி அடிச்சா திறக்கிறேன்" என்பார்.

சரக்கு கெட்டுப்போவது குளிர் குறைவதால் இல்லை, மனுஷன் எட்டி எட்டிப் பார்ப்பதால்தான் என்பது அவருடைய முடிவு. அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் திறக்க வேண்டும். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் நான் போய்த் திறந்துவைத்துக்கொண்டு என்ன எடுக்கலாம் என்று யோசித்தேன். முதுகுக்குப் பின்னால் எண்ணிக்கை கேட்டது. பதினான்கு, பதினைந்து.

"தண்ணி குடிக்கக்கூட கேட் பாஸ் வேணுமா அத்தான்?" என்றேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

"பாட்டில் எங்க இருக்குன்னு பார்த்துட்டுத் திற," என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் சிரித்திருக்கிறோம். இப்போது அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அக்கா அவருக்கு நேர் எதிர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க வழி சொல்லும் வேலை. எக்ஸ்ரே இரண்டாவது மாடி, ரத்தப் பரிசோதனை இடது பக்கம், அழாதீங்க, டாக்டர் வந்துடுவார். வீட்டுக்கு வந்தும் வாய் ஓயாது. அப்படிப்பட்டவளுக்குத் தொண்டை கட்டியது. கட்டியது விடவில்லை. அவள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் டாக்டர் சொன்னார், குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று. உயிருக்குப் பயமில்லை, ஆனால் அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஆபரேஷனுக்கு ஐந்து நாள் இருந்தது.

"போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசி வெச்சுட்டுப் போறேன்," என்றாள் அக்கா. வெளியூர் கிளம்புகிறவள் வீட்டில் இருப்பவர்களுக்குச் சமைத்து வைப்பதுபோல அதைச் சொன்னாள். அவளுடைய ஒரே மகள் வேறு ஊரில் இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை, வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. என்றைக்காவது வரப்போகும் அந்தப் பேரப்பிள்ளைக்குத்தான் அக்கா முக்கியமாகப் பேச நினைத்தாள்.

மூன்று நாள் பேசினாள். படுக்கையறை ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, செல்போனைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு தனியாகப் பேசினாள். அத்தான் வெளியே காவல் நின்றார். குக்கர் வைக்கக்கூட விடவில்லை. உள்ளே அவள் என்ன பேசினாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. மொத்தம் நாற்பத்து மூன்று பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு வைத்திருந்தாள். பல் முளைக்கும்போது. அம்மா திட்டினால். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றால். கடைசியில் மூன்று தனியாக இருந்தன: அவருக்கு, மகளுக்கு, தங்கச்சிக்கு.

அந்தப் போன் பழசு. சூடேறித் தானாக அணைந்துவிடும். அதில் வைத்திருப்பது மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது மாதிரி. பத்திரமான இடம் வேண்டும் என்று அத்தான் என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பி நிரப்பி விரல் தேய்ந்தவள், ஆகவே குடும்பத்தின் கம்ப்யூட்டர் நிபுணி நான்தான்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். லேப்டாப்புக்கு முன்னால் நான். எனக்கு ஒட்டினாற்போல் அக்கா, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு. எதிரே அத்தான், கிடங்கின் வெப்பநிலைப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்துக்கொண்டு. எவ்வளவு இடம், சாவி யாரிடம், யார் யார் உள்ளே வருவார்கள் என்று தலைப்புப் போட்டிருந்தார்.

பென் டிரைவ் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "விரல் நீளத்துக்குள்ள இவளை வைக்கச் சொல்றியா?" என்று முடித்துவிட்டார். இணையத்தில் சேமித்து வைக்கும் சேவைதான் என்று ஆனது, அதிலும் கட்டணச் சேவை கூடாது. மாதாமாதம் கட்ட வேண்டிய இடத்தில் ஒரு மாதம் தவறினால் சரக்கைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள், அவரே எத்தனையோ பேருடைய மூட்டையை அப்படி வைத்திருக்கிறார். இலவசம் என்றால் பாக்கி என்ற பேச்சே இல்லை, ஆகவே யாரும் வெளியே வைக்க முடியாது. அது அவருடைய கணக்கு. அன்றைக்கு எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

முதலில் பார்த்தது நிறைய இடம் கொடுத்தது, ஆனால் முப்பது நாளைக்குத்தான் இலவசம். படிவத்தில் அதன்மேல் கோடு போட்டு அடித்தார். இரண்டாவதில் போனில் இருப்பதெல்லாம் தானாக மேலே போய்விடும், போனில் அழித்தால் அங்கேயும் அழியும். "இங்க எடுத்தா அங்கயும் காணாமப் போயிடுமா? அது கிடங்கு இல்லம்மா, கண்ணாடி," என்றார். அடித்தார். மூன்றாவதில், சேவையை மேம்படுத்த எங்கள் கணினிகள் உங்கள் கோப்புகளைப் பார்க்கக்கூடும் என்று எழுதியிருந்தது.

"பார்க்கக்கூடும்னா? உள்ள வருவானா?"

"ஆள் வரமாட்டாங்க அத்தான், மெஷின்தான்."

"யாரா இருந்தா என்ன. திறக்கிறான்ல."

காலையில் உட்கார்ந்தவர்கள், சாயங்காலம் ஐந்தரை ஆகிவிட்டது. மறுநாள் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பை எடுத்து வைக்கவில்லை. எனக்குத் தலை விண்ணென்று தெறித்தது. அப்போதுதான் நான்காவது சேவை அகப்பட்டது. அதன் முகப்பிலேயே பெரிய எழுத்தில் இருந்தது: உங்கள் கோப்புகளை உங்களைத் தவிர எவராலும் திறக்க முடியாது, எங்களாலும் முடியாது. அத்தான் இரண்டு தரம் படிக்கச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இவன் தொழில் தெரிஞ்சவன்," என்றார்.

நான் விதிமுறைகளைத் தள்ளிக்கொண்டே போனேன். ஒன்பதாவது பகுதியில், ஈர் மாதிரி பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் உள்நுழையாத இலவசக் கணக்குகளும் அவற்றில் உள்ளவையும் நீக்கப்படும், நீக்கியவற்றை மீட்க இயலாது.

படித்தேன். படிக்கவில்லை என்று இப்போது சொல்ல முடியாது. அதை வாய்விட்டுப் படித்தால் அத்தான் இதையும் அடிப்பார், ஐந்தாவதைத் தேட வேண்டும். ஒரு வருஷம் யார்தான் திறக்காமல் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அழுத்துகிற 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தினேன்.

"என்னம்மா போட்டிருக்கான்?"

"எல்லாரும் போடறதுதான் அத்தான்."

பதிவுகள் ஏறி முடிய ஒரு மணி நேரம் ஆனது. நாற்பத்து மூன்றும் வந்துவிட்டதா என்று திரையில் விரல் வைத்து எண்ணினார். பிறகு போனை எடுத்து ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். நான் கையைப் பிடித்தேன். ஒரே சரக்கு இரண்டு அறையில் இருந்தால் இரண்டையுமே யாரும் சரியாகப் பார்க்கமாட்டார்கள் என்றார். நான் விடாமல் சண்டை போட்டேன். அக்காதான் கம்மிய குரலில், "விடுடி, அவர் வழிக்கே விடு," என்றாள்.

அந்தக் கணக்குக்கென்றே முதலிலேயே புதிதாக ஒரு மெயில் முகவரி தொடங்கச் சொல்லியிருந்தார், வேறு எந்தக் குப்பையும் அதில் வந்து விழக்கூடாது என்று. இரண்டுக்கும் கடவுச்சொல்லை எனக்குக் காட்டாமல் அவரே தட்டியிருந்தார்; அதைக் காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டினார். கிடங்கில் மூட்டைக்குச் சீட்டுக் கட்டுவதுபோல உறைமேல் எழுதினார். உள்ளே வந்த தேதி, அன்றைய தேதி. வெளியேறும் தேதி, 'குழந்தை வந்ததும்'. உறை பீரோவுக்குள் போனது. பீரோ சாவி அவர் சட்டைப்பையில்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொண்டையில் வைத்துப் பேச ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள். அக்கா ஒரு தரம் வைத்துப் பார்த்தாள், தகரத்தை இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்தது, எடுத்து டிராயரில் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு நோட்டுதான். எழுத்திலும் அவளுக்கு அதே வாய். என் புதுப் புடவையைப் பார்த்துவிட்டு, 'திரைச்சீலைக் கடையில எடுத்தியா' என்று எழுதிக் காட்டினாள். ஆனால் நாங்கள் சிரித்து முடித்த பிறகு வீட்டில் ஒரு அமைதி வரும். அது அடுத்த அறை வரைக்கும் போகும்.

அவள் குரலை ஒரு தரம் கேட்கலாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. அத்தான் சொல்லமாட்டார், அவருக்கு அது மூடி வைத்த சரக்கு. மகள் போனில் அப்பாவிடம் பேசுவாள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவாள், அவளும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்களுக்குப் பயம். கேட்டால் தாங்க முடியாது என்று பயம். பயத்துக்கு நாங்கள் வைத்த பெயர், குழந்தை வரட்டும்.

மாதங்கள் போகப் போக அந்த ஒன்பதாவது பகுதி என்னை அரிக்க ஆரம்பித்தது. எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலோரம் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், அதை ஒரு தடவை திறந்து பார்த்துடலாமா?"

அக்காவின் ஊசி நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எதுக்கு?" என்றார் அத்தான்.

அந்த இடத்தில் நான் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அன்றைக்கே தெரியுமா, ஏன் மறைத்தாய் என்ற கேள்வி வரும். "சும்மாதான். எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க," என்றேன்.

அக்கா மறுபடி குனிந்து தைக்க ஆரம்பித்தாள்.

"சரியா இருக்கான்னு பார்க்கத் திறந்து திறந்துதான் நாட்டுல பாதிச் சரக்கு கெட்டுப்போகுது," என்றார் அவர்.

"அது வெண்ணெய் இல்ல அத்தான். கெட்டுப்போறதுக்கு."

"அப்ப ஏன் பார்க்கணும்?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. உங்களோடு குடும்பம் நடத்தியதற்கே அக்காவுக்கு மெடல் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, காபி கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. என் கோபத்துக்கு இரண்டு மாதம் செலவானது. மீதி இருந்தது இரண்டு.

பதினோராவது மாதம் ஒருநாள் போனபோது அத்தான் குளித்துக்கொண்டிருந்தார். சட்டை நாற்காலியில் தொங்கியது. சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, உறையைக் கையில் எடுத்தும்விட்டேன். ஒட்டிய இடத்தில் நகத்தை வைத்தேன். கூடத்தில் அக்காவின் காலடி கேட்டது. திருடி மாதிரி உறையை வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டையில் போட்டேன். சொந்த அக்காவின் குரலைக் காப்பாற்ற வந்தவள் எதற்காக அப்படி ஒளிந்துகொள்ள வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

கடைசி நாளுக்கு என் போனில் நினைவூட்டல் வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் நேரம், வரிசை கேட் வரைக்கும் நின்றது. அணைத்துவிட்டு, சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். எது வந்தாலும் வரட்டும் என்ற முடிவோடுதான் போனேன். கதவைத் திறந்த அத்தானின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மகள் போன் பண்ணியிருந்தாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு கரு தங்கியிருந்தது, டாக்டர் உறுதி சொல்லிவிட்டார். அக்கா நோட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். 'பாட்டி ஆகப்போறேன்டி' என்று பக்கம் நிறைய எழுதியிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பினேன். மறுநாள், விதி என்று எழுதி வைப்பார்கள், அப்படியேவா செய்யப்போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கும் மறுநாள், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றிருந்தது.

பிறகு பத்து மாதம். குழந்தை அசைகிறது என்று மகள் சொன்னபோதும், பிறந்துவிட்டது, பெண் குழந்தை என்று சொன்னபோதும் எனக்கு முதலில் அந்த உறைதான் நினைவுக்கு வந்தது. உறையைத் திறக்காதவரை எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன். அத்தானைக் கேலி செய்தவள் அவரைவிட இறுக்கமாகச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குழந்தையை மூன்றாவது மாதம் அழைத்து வந்தார்கள். வெயில் ஏறாத காலை நேரம். மகள் சோபாவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு வந்து பீரோவைத் திறந்தார். உறையைக் கத்தரிக்கோலால் ஓரமாக வெட்டினார். என்னை லேப்டாப் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

"நீ போடும்மா. நான் சொல்றேன்," என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். போட்டேன்.

இந்த முகவரியில் கணக்கு எதுவும் இல்லை என்று வந்தது.

"எழுத்தை மாத்திப் போட்டிருப்ப. மறுபடி போடு."

மூன்று தரம் போட்டேன். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சொன்னேன், "அந்த மெயிலைத் திறங்க அத்தான்." அதற்கும் கடவுச்சொல் அதே காகிதத்தில் இருந்தது. திறந்தது. இருபத்திரண்டு மாதத்தில் யாரும் தொடாத அந்தப் பெட்டியில் ஆறே கடிதங்கள். முதலாவது, வரவேற்கிறோம். மற்றவற்றை அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிடங்கில் வெப்பநிலைப் பதிவேட்டைப் படிப்பதுபோலத் தேதியோடு வாசித்தார். உங்களைப் பார்த்து நாளாகிவிட்டது. அறுபது நாளில் உங்கள் கணக்கு நீக்கப்படும், தவிர்க்க ஒருமுறை உள்நுழைந்தால் போதும். முப்பது நாளில். நாளை. கடைசியில், நீக்கப்பட்டது, எங்களோடு இருந்ததற்கு நன்றி.

"ஒரு தடவை திறந்தா போதும்னு போட்டிருக்கான்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர் ஒரே நிமிஷத்தில் ஒடுங்கிப்போனார். பிறகு மகளிடம், "என் தப்புதாம்மா. உங்க அம்மாவை நான்தான் தொலைச்சுட்டேன்," என்றார்.

அவர் ஒருவரையே அதைச் சுமக்க விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. "இல்லை. எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றேன். ஒன்பதாவது பகுதி, 'ஏற்கிறேன்', நினைவூட்டல், உறை, எல்லாவற்றையும் சொன்னேன். யாராவது என்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது. யாரும் திட்டவில்லை. மகளின் கண்ணிலிருந்து நீர் குழந்தையின் சட்டையில் விழுந்தது.

அக்கா நோட்டை எடுத்தாள். எழுதி என் பக்கம் திருப்பினாள்.

'நானும்தான் படிச்சேன். உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்.'

மகள்தான் கேட்டாள், "அப்புறம் ஏம்மா நீ சொல்லலை?"

அக்கா அவசரமில்லாமல் எழுதி, நோட்டை அத்தானின் மடியில் வைத்தாள். கடிதங்களைப் படித்த அதே குரலில் அவர் அதையும் வாசிக்க ஆரம்பித்தார்.

"ஒரு வருஷத்துக்குள்ள உங்கள்ல யாராவது ஒருத்தருக்கு," என்று படித்துவிட்டு நிறுத்தினார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. மகள் எட்டி நோட்டை வாங்கி மீதியைப் படித்தாள்.

"என் குரலைக் கேக்கணும்னு தோணும்னு நெனச்சேன்."